பன்றிச் சாணியும் கோயில் குசினியும்

எங்கள் கோயில் தலைவருக்கு வருடத்துக்கு ஒரு விசர் பிடிக்கும். ஒரு வருடம் கோபுரத்துக்குக் கலர் லைட். அடுத்த வருடம் வாசலில் சிமெந்து யானை. அந்த யானைக்கு முதல் பனியிலேயே தும்பிக்கை வெடித்து விழுந்தது. இப்போதும் மூக்கில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறது. அதற்கடுத்த வருடம் மனிதர் இந்தியாவுக்கு யாத்திரை போனார். போனவர் சும்மா திரும்பி வந்தாரா? அங்கே ஏதோ ஒரு மடத்தில் மாட்டுச் சாணியில் எடுத்த வாயுவில் சுவாமிக்குப் பொங்குகிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"எங்கட கோயிலிலயும் இனிச் சாண எரிவாயுவிலதான் சமையல். வாற தைப்பொங்கல் அந்த நெருப்பிலதான் பொங்கும்!"

சனம் கை தட்டியது. எங்கள் சனம் மைக்கில் எதைச் சொன்னாலும் தட்டும். யாரோ காரை வாசலை மறித்து விட்டிருக்கிறார்கள், எடுக்கச் சொல்லுங்கோ என்று அறிவித்தாலும் தட்டும். நான் தட்டவில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அந்த வாயுவை எடுப்பதையே தொழிலாகச் செய்கிறவள் நான் ஒருத்திதான்.

டென்மார்க்கில் பிரெடெரிசியா நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் எங்கள் ஆலை இருக்கிறது. பச்சை நிறத்தில் பெரிய பெரிய தாங்கிகள். சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து பன்றிச் சாணிக் கரைசலும் மாட்டுச் சாணியும் பவுசர் லொறியில் வரும். கொம்யூன், அதாவது நகரசபை, வீடு வீடாகச் சேர்க்கிற சாப்பாட்டுக் கழிவு அரைத்த கூழாக வரும். எல்லாம் தாங்கிக்குள் போய், காற்றுப் படாமல், சூட்டில் கிடந்து புளிக்கும். அதைத் தின்று வாயுவை விடுகிற நுண்ணுயிர்கள் மகா செல்லம். வெளியில் காற்றுக் காதை அறுத்தாலும் உள்ளே மாட்டு வயிற்றுச் சூடு இருக்கவேண்டும். சூடு குறைந்தால் வேலையை நிறுத்திவிடும். தீனியைத் திடீரென்று மாற்றினாலும் நிறுத்திவிடும். அதுகளின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மாதிரி எடுப்பேன், புளிப்பைச் சோதிப்பேன், சூட்டைப் பார்ப்பேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். தாங்கிக்குள் இருக்கிறதுகள் எங்கள் நிர்வாக சபையைவிட ஒற்றுமையானவை, அதுகளுக்கு மைக்கும் தேவையில்லை.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது பண்டிப் பீ அள்ளுகிற வேலை. முகத்துக்கு நேரே "நீங்கள் அந்த என்விரோன்மென்ட் பக்கமெல்லே" என்பார்கள். நான் திரும்பியவுடன் மூக்கைச் சுளிப்பார்கள். ஆலையில் குளித்து, உடுப்பு மாற்றி, சப்பாத்தைக்கூட அங்கேயே விட்டுவிட்டுத்தான் வெளியே வருவேன். அவர்களில் பாதிப் பேர் மீன் பொரித்த மணம் வீசுகிற ஜாக்கெட்டோடு கோயிலுக்கு வருகிறவர்கள். தலைவரோ ஒரு கம்பனிக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். கந்தோர்க் கன்டீனில் டெனிஷ்காரர் பாணில் பூசித் தின்கிற பன்றி ஈரல் பேஸ்டை மத்தியானத்துக்கு மத்தியானம் தின்று தொப்பை வளர்த்த மனிதர். அதை அவரோடு வேலை செய்த என் மனுசனே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நான் ஏன் அந்தக் கோயிலுக்குப் போனேன் என்று கேட்பீர்கள். சாமிக்காக என்று சொன்னால் பொய். குசினிக்காகப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் அன்னதானத்துக்குச் சமைக்கிற பெண்கள் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிள்ளைகள் இரண்டும் கொப்பன்ஹேகன் பக்கம் போய்விட்டதுகள். டெலிபோன் எடுத்தால் நான் தமிழில் கேட்க அதுகள் டெனிஷில் பதில் சொல்லும். என் மனுசன் வீட்டில் வாயைத் திறப்பது கொட்டாவி விடத்தான். ஆலையில் நான் டெனிஷ் கதைக்கிறேன், அதுவும் பாதி நாள் மீற்றர்களோடு. வாரம் முழுக்க அடைத்துக் கிடக்கிற வாய் அந்தக் குசினியில்தான் திறக்கும். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு, ஊர் வம்பெல்லாம் அளந்து, ஒருத்தியை ஒருத்தி நக்கலடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து... எனக்கு அதுதான் கோயில். அந்தக் குசினி மட்டும் இல்லாவிட்டால் இந்த நாட்டில் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

தலைவர் அறிவித்த அடுத்த கிழமை என்னைச் சபைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்குச் சந்தோசம், புளுகம்தான், ஏன் மறைக்கவேண்டும்? நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு போனேன். சபையில் ஒரு அங்கத்தவராக என் மனுசனும் மூலையில் இருந்தார்.

"பிள்ளை, நீங்கள் அந்தத் துறையில இருக்கிறபடியால் ஒரு ஆலோசனை சொல்லுங்கோ" என்றார் தலைவர்.

சொன்னேன். இது இந்தியா இல்லை, இங்கே குளிர் காலத்தில் தாங்கிக்குச் சூடு கொடுக்கவேண்டும், நன்றாகப் போர்த்தவேண்டும் என்றேன். வாயு வருகிற குழாயைச் சரிவாக வைத்துப் பஞ்சு சுற்றவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீராவி தண்ணீராகி உறைந்துவிடும் என்றேன். சாப்பிட்ட இலையில் மிஞ்சுகிற சோறு, கறி எல்லாம் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், பாலில் உறை ஊற்றுகிற மாதிரி, நன்றாக வேலை செய்கிற தாங்கியிலிருந்து கரைசல் எடுத்து ஊற்றவேண்டும் என்றேன்.

"அதை எங்கட ஆலையில இருந்து நான் எடுத்துத் தாறன், அண்ணை."

"உங்கட ஆலைக் கரைசல் எண்டால்... அது என்ன சாணி?"

"பண்டியும் மாடும் கலந்தது. கூடப் பண்டிதான்."

"சிவ சிவா!" தலைவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். "சுவாமிக்குப் பொங்கிற நெருப்புக்குப் பண்டியோ? எச்சில் இலையோ? என்ன கதை பிள்ளை கதைக்கிறீர்?"

மரியாதை குறைந்து, 'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டது. பிறகு அவருக்கு இன்னொன்று தோன்றியது. தோன்றுவது அவருக்கு அபூர்வம், தோன்றினால் அது யாரையாவது கடிக்கும்.

"அப்ப நீர் வெள்ளிக்கிழமையில அந்தப் பண்டிக்குள்ள நிண்டுட்டு நேரா எங்கட குசினிக்கோ வாறனீர்?"

"குளிச்சிட்டுத்தான் அண்ணை வாறன்."

"குளிக்கிறது வேற, ஆசாரம் வேற. கொஞ்ச நாளைக்குக் குசினிப் பக்கம் வராமல் இரும். மண்டபத்தில இருந்து பூக் கட்டலாம்தானே? நான் கூடாதெண்டு சொல்லேல்லை. சனம் கதைக்கும்."

நான் என் மனுசனைப் பார்த்தேன். அவர் டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ தலைபோகிற விஷயம் இருக்கிறதுபோல. திரும்பி வரும்போது காரில் கேட்டேன், "ஏன் ஒரு வார்த்தை கதைக்கேல்லை?" "கோயில் விஷயம்தானே, விடுமன்" என்றார். விட்டேன். அன்று இரவு அவருக்குச் சாப்பாடு போடாமலும் விட்டேன்.

என்னைக் கழித்து, மண்டபத்தில் பூக் கட்ட விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூடாரம் எழும்பியது. அதற்குள் இணையத்தில் வாங்கிய ஒரு பெரிய ரப்பர்ப் பை. பால்பண்ணை ஒன்றிலிருந்து சுத்தமான பசுச் சாணி வந்தது. வந்த வாளியைத் தலைவர் தொட்டுக் கும்பிட்டாராம். குளிருக்கு மின்சாரக் கம்பி சுற்றினார்கள். சரியாக எரிந்தால் ஒரு கேத்தில் தேத்தண்ணீர் வைக்கிற வாயுவுக்கு, ஒரு வீட்டுக்குப் போதுமான மின்சாரம் செலவு. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறாராம்!

குசினியில் நடப்பதை எனக்குச் சொன்னவள் என்னோடு கத்தரிக்காய் வெட்டுகிற சிநேகிதி. என்னைவிட இளையவள், முதியோர் இல்லத்தில் வேலை. ஒவ்வொரு வெள்ளியும் இரவு எனக்கு டெலிபோன் அடிப்பாள். "நீங்கள் இல்லாமல் சோம்பலாக் கிடக்கக்கா" என்பாள். அதைக் கேட்டு நான் எத்தனை பெரிய ஆறுதல் அடைந்தேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சல் வருகிறது.

அவள் சொல்லித்தான் அந்தப் பைக்கு என்ன தீனி போடுகிறார்கள் என்று தெரிந்தது. எச்சில் படாத, ஆசாரமான கழிவு மட்டும். அபிஷேகம் செய்த பால். அபிஷேகம் செய்த தயிர். பஞ்சாமிர்தம். வாழைப்பழம். இளநீர். விளக்கேற்றிய தேசிக்காய்ப் பாதிகள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றியும் எரிந்தது. பாலும் பழமும் சீனியும் தேசிக்காய்ப் புளியும்! ஒரு பச்சைக் குழந்தைக்கு விடிய விடிய லட்டுத் தீத்துகிற மாதிரி. போதாததுக்குக் கந்தசஷ்டி வந்தது. அபிஷேகப் பால் முழுவதையும் ஒரே நாளில், அரோகரா சொல்லி, அதற்குள் கவிழ்த்தார்கள்.

பை ஊதியது. தலைவருக்குத் தலைகால் தெரியவில்லை. சனத்தைக் கூட்டி, தேங்காய் உடைத்து, கற்பூரத்தைக் கொளுத்தி அடுப்பில் நீட்டினார். அடுப்பு எரியவில்லை. அடுப்பிலிருந்து வந்த காற்றில் கற்பூரமும் அணைந்து போனதாம். புளித்துப்போன பையிலிருந்து வருவது எரிகிற வாயு இல்லை, சோடாப் போத்தலில் இருக்கிற வாயு. அதை நான் அந்தக் கூட்டத்தில் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சிவ சிவா ஆகிவிட்டது.

அதோடு நாற்றம். கூழ்முட்டை நாற்றம். அடுத்த தெரு டெனிஷ்காரர் முறைப்பாடு செய்து, கொம்யூனிலிருந்து ஒரு பெண் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனாள். மார்கழி தொடங்கியிருந்தது. தைப்பொங்கலுக்கு நகர மேயரை வரச் சொல்லித் தலைவர் ஏற்கெனவே அழைத்திருந்தார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பண்டி வேலைக்காரி வீட்டில் தேத்தண்ணீர் குடித்தார், வடையும் தின்றார். நீர் போய் மறுபடி நீங்கள் வந்தது.

"பிள்ளை, நீங்கள்தான் ஏதாவது செய்யவேணும். என்ர மானம் போகப்போகுது."

"செய்யலாம் அண்ணை. பாதியை வெளியில எடுத்துப்போட்டு எங்கட கரைசலை ஊத்தவேணும். பண்டிதான். வேற வழியில்லை."

அவர் இன்னொரு வடையை எடுத்தார். "பண்டி எண்டு சொல்லவேண்டாம். 'கல்சர்' எண்டு சொல்லுவம்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கும் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. "நான் திரும்பக் குசினிக்கு வரவேணும், அண்ணை" என்றேன். அவ்வளவு ஆசை.

"உதென்ன கேள்வி? பொங்கலண்டைக்கு முதல் ஆளா நீங்கள்தான் உள்ள நிக்கிறீங்கள்!"

நம்பினேன். ஆலை முதலாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வேண்டியதை அள்ளிக்கொண்டு போ என்றார். மூடி போட்ட வாளிகளில் சூடான கரைசலை நிரப்பி, பழைய போர்வை சுற்றிக் காரில் கொண்டுபோனேன். என் மனுசன் வாளி தூக்கினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். தலைவர் தூரத்தில் நின்று, ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு வேலை முடிய அங்கே போய், சூட்டைப் பார்த்து, எச்சில் இலைச் சோற்றை அரைத்து அளவாகக் கொடுத்தேன். குழாயைச் சரிவாக்கி நானே பஞ்சும் சுற்றினேன். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், கழிய நாற்றம் போனது. பிறகு ஒரு நாள் நெருப்புக்குச்சியை நீட்டினேன். நீலமாக எரிந்தது. கூடாரத்துக்குள் தனியாக நின்று கை தட்டினேன்.

பொங்கலன்று நல்ல குளிர். பனி இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. முழுகி, புதுச் சேலை உடுத்து, பின்வாசலால் குசினிக்குப் போனேன். குறுக்கே தலைவர் நின்றார், பட்டு வேட்டிக்கு மேலே பனி ஜாக்கெட்.

"பிள்ளை, இண்டைக்குச் சனம் கூட. வெளி ஊர் ஆக்களும் வந்திருக்கினம். குறை நினைக்காதைங்கோ, அடுத்த முறை பாப்பம்" என்றார். சொல்லிவிட்டு மேயரை வரவேற்க ஓடினார்.

அந்த இடத்திலேயே நின்றேன். போகவும் மனம் வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அடுப்பில் பெரிய பானை, அடியில் என்னுடைய நீல நெருப்பு. சுற்றி என்னோடு வெட்டிச் சிரித்த பெண்கள் எல்லாரும். ஒருத்தரும் என்னை நேரே பார்க்கவில்லை. கத்தரிக்காய்ச் சிநேகிதி மட்டும் கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இது எதில எரியுது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். ஆத்திரம். போட்டுடைத்துவிட வேண்டும் என்ற ஆத்திரம்.

"பண்டிக் கரைசல்தானே? எல்லாருக்கும் தெரியுமக்கா" என்றாள், சாதாரணமாக. "அண்டைக்கே தெரியும். இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?"

வாசல்படியில் ஒரு காலை வைத்தேன். பிறகு கேட்டேன், "அப்ப நான் உள்ள வரட்டோ?"

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "பொறுங்கோ அக்கா, தலைவரிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறன்."

பன்றி உள்ளே வர யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்கவேண்டியிருந்தது. இவ்வளவு நாளும் நான் தலைவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கோமாளி, அவரை யார் கணக்கெடுத்தார்கள்? இந்தப் பெண்களில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, "வாங்கோ அக்கா" என்று கையைப் பிடித்து இழுத்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? இவளும் என் மனுசனும் ஒன்றுதான். எல்லாரும் டெலிபோனைப் பார்க்கிற கூட்டம். சீ என்று போய்விட்டது.

அவள் தலைவரைத் தேடிப் போன நேரம் பார்த்து உள்ளே கூச்சல் கிளம்பியது. நெருப்புச் சிறுத்து, நடுங்கி, அணைந்துவிட்டது. பால் இன்னும் பொங்கவில்லை. மண்டபத்தில் மேயர், பத்திரிகைக்காரன், நாதஸ்வரம் எல்லாம் ரெடி. தலைவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தார்.

"பிள்ளை! வாரும், வாரும்! உள்ள வந்து என்னெண்டு பாரும்! கெதியா வாரும்!"

குசினி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வழி விட்டு விலகியது. தலைவருக்குப் பின்னால் திரும்பி வந்த சிநேகிதி சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். பூக் கட்டிய வெள்ளிக்கிழமைகள் முழுக்க நான் காத்திருந்த கூப்பாடு அது.

"நான் வரேல்லை அண்ணை" என்றேன். "உங்கட குசினி எனக்கு அருவருப்பா, அரியண்டமாக் கிடக்கு."

சொல்லிவிட்டுக் கூடாரத்துப் பக்கம் போனேன். பிழை உள்ளே இல்லை என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால், நான் சுற்றியிருந்த பஞ்சையெல்லாம் உரித்து எறிந்துவிட்டார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது, மேயர் பார்த்தால் வடிவாக இருக்காது என்று தலைவர்தான் உரிக்கச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. பஞ்சு இருந்த இடத்தில் குழாய்க்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலைக்கு அடியில் குழாய் உறைந்துபோய்க் கிடந்தது. மாலையைப் பிய்த்து எறிந்தேன். என் மனுசன் எங்கிருந்தோ கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஊற்றினேன். இளகியது. சற்று நேரத்தில் உள்ளே நெருப்புப் பிடித்த சத்தமும், பால் பொங்கிய ஆரவாரமும், மேளமும் கேட்டன. என்னைத் தேடி ஒருத்தரும் வெளியே வரவில்லை.

பெரிய வாய்தான் காட்டிவிட்டேன். அரியண்டம் என்றது பொய். குசினி யன்னலால் கத்தரிக்காய் வதங்குகிற மணம் வந்தது. யாரோ ஏதோ நக்கல் சொல்ல, எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சத்தமும் வந்தது. வெறும் கேத்திலோடு அந்தக் குளிரில் நின்றேன். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும் போல் இருந்தது.